தம்பிக்குத் தண்ணீர் கொடுத்தவள்

இதைக் கட்டுக்கதை என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்திலேயே எழுந்து போகலாம். எனக்கு நட்டமில்லை. என் பெயர் றபீக்கா, ஊர் மருதமுனை. என் வாய்க்குப் பயந்து ஊரில் பாதிப்பேர் என்னோடு கதைப்பதில்லை. ஆனால் றபீக்கா பொய் சொன்னாள் என்று மட்டும் இன்றுவரை ஒருவரும் சொன்னதில்லை. 1982ஆம் ஆண்டு என் கண்ணால் கண்டதை, என் கையால் தொட்டதைத்தான் சொல்கிறேன். பேய் என்றால் இருட்டில்தான் வரும் என்று தைரியமாக இருக்கிறவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். இதில் நடந்ததெல்லாம் பட்டப்பகலில்.

என் தம்பி மீராசாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. சிறு வயதில் மூட்டு மூட்டாக வீங்கி ஒரு காய்ச்சல் வந்தது. எண்ணெய் பூசிப் படுக்கவைத்தோம், மாறிவிட்டது என்று நினைத்தோம். அது உள்ளே இதயத்தைக் கெடுத்து வைத்திருந்தது இருபது வருடம் கழித்துத்தான் தெரிந்தது. வரம்பு கட்டிக்கொண்டு நின்றவன் ஒரு நாள் மூச்சு எடுக்க முடியாமல் சேற்றில் குந்திவிட்டான். கல்முனையில் டொக்டர் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, வயல்காரனுக்கு விளங்குகிற மாதிரியே சொன்னார். இதயத்துக்குள் கதவுகள் இருக்கின்றன. மீராசாவுக்கு அதில் ஒரு கதவு தடித்து ஒட்டிப்போயிற்று. மதகு திறக்காவிட்டால் மேலே இருக்கிற வயல் மூழ்கும் அல்லவா, அதுபோல ரத்தம் பின்னால் தேங்கி நெஞ்சில் தண்ணீர் கட்டுகிறது. கொழும்பில் ஒப்பரேசன் செய்து அந்தக் கதவைத் திறக்கலாம்.

கொழும்பில் மார்ச் மாதத்துக்குத் திகதி கிடைத்தது. அதுவரைக்கும் ஒரு நாளைக்கு ஒரே ஒரு போத்தல் தண்ணீர். தேத்தண்ணீர், கஞ்சி எல்லாம் அதற்குள் அடக்கம். உப்பு கூடாது. காலையில் தண்ணீர் இறங்குவதற்குக் குளிசை. வீக்கத்தோடு கொண்டுபோனால் ஒப்பரேசன் செய்யாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றார் டொக்டர். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, திருப்பி அனுப்பினால் உங்கள் தம்பி அடுத்த போகம் பார்க்கமாட்டார் என்றார்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். மீராசாவும் கல்முனைக்குடியில் பெண்சாதி ஜெமீலாவின் வீட்டில்தான் இருந்தான். நல்ல பிள்ளை ஜெமீலா. ஆனால் யார் எதைச் சொன்னாலும் ஓம் என்று தலையாட்டுகிற பிள்ளை. அவளை நம்பி ஒரு போத்தல் கணக்கை விட முடியுமா? நான் என் உடுப்பை மூட்டை கட்டிக்கொண்டு அங்கே போய் இறங்கினேன். விருந்துக்கு வந்தவளாக அல்ல, காவல்காரியாக.

போன அன்றே சண்டை தொடங்கிவிட்டது. நோயாளி பார்க்க வருகிறவர்கள் எங்கள் ஊர்களில் வெறுங்கையோடு வருவதில்லை. ஓதின தண்ணீர் கொண்டு வருவார்கள். லெப்பையிடம் ஓதி ஊதி வாங்கி வந்த தண்ணீரை ஒரு மிடறாவது குடிக்கக் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். ஒரு மிடறுதானே என்று ஒவ்வொருவரும் நினைப்பார்கள். பத்துப் பேர் வந்தால் பத்து மிடறு. அன்போடு வந்து என் தம்பியின் நெஞ்சுக்குள் கிணறு வெட்டிவிட்டுப் போனார்கள். நான் எல்லாப் போத்தலையும் வாசலிலேயே வாங்கினேன். கால் படாத இடமாகப் பார்த்து மல்லிகைக் கொடியின் வேரில் ஊற்றினேன். சுல்பிகா என்றொரு பக்கத்து வீட்டுக்காரி, சாகப்போகிறவனுக்குத் தண்ணீர் மறிக்கிறாளே, இவளுக்கு ஈமான் இருக்கிறதா என்று கேட்டாள். எனக்கு ஈமான் இருக்கிறது, உனக்கு வேறு வேலை இல்லை என்றேன். அதற்குப் பிறகு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள்.

மீராசா நீட்டிப் படுக்க முடியாது. படுத்தால் மூச்சு முட்டும். கட்டிலில் மூன்று தலையணையை அடுக்கிச் சாய்த்து வைத்திருந்தோம். காலையில் எழுந்ததும் நான் அவன் முழங்காலுக்குக் கீழே பெருவிரலால் அமத்திப் பார்ப்பேன். வீக்கம் இருந்தால் விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே கிடக்கும். முதல் வாரம் குழி ஆழம் குறைந்துகொண்டு வந்தது. எனக்குச் சந்தோசம். ஜெமீலாவிடம் கூட நல்லபடியாக நாலு வார்த்தை கதைத்தேன்.

இரண்டாவது வாரம் கால் திரும்பவும் ஊதத் தொடங்கியது.

போத்தல் கணக்கு சரியாக இருந்தது. குளிசையும் சரி. உப்பு என் கையைத் தாண்டிப் போகவில்லை. ஆனால் நாளுக்கு நாள் குழி ஆழமானது. முகமும் ஊதிவிட்டது. அப்படியானால் யாரோ எனக்குத் தெரியாமல் கொடுக்கிறார்கள். யார்? வீட்டில் சின்னப் பிள்ளைகளையும் என்னையும் விட்டால் ஒருத்திதான். நான் குசினிக்குள் போய் ஜெமீலாவைக் கிழித்துவிட்டேன். புருசனைக் கொல்லுகிறாய் என்றேன். அவள் அழுதாள். வல்லாஹி, ஒரு சொட்டும் கொடுக்கவில்லை என்று சத்தியம் செய்தாள். நான் நம்பவில்லை.

மீராசாவிடம் கேட்டேன். தண்ணீர் குடித்தாயா என்று.

“குடிச்சன்” என்றான்.

“ஆரு தந்த?”

அவன் யோசித்தான்.

“லுஹருக்குப் பொறகு வாறா, ராத்தா. நான் கண் தொறக்கிற இல்ல. ஜெமீலாவெண்டுதான் நினைச்சன்...”

“பொறகு?”

“ஜெமீலாட கை இப்படிக் கொதிக்காது.”

எனக்குக் கோபம்தான் வந்தது, பயம் வரவில்லை. பெண்சாதியைக் காப்பாற்ற என்னிடம் கதை அளக்கிறான் என்று நினைத்தேன். அடுத்த நாள் காலையிலேயே ஜெமீலாவையும் இரண்டு பிள்ளைகளையும் அவளுடைய மாமி வீட்டுக்கு அனுப்பினேன். அறைக்குள் இருந்த மண்கூசா, குவளை, கோப்பை எல்லாவற்றையும் குசினிக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பூட்டினேன். தெருக்கதவையும் பூட்டினேன். திறப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, மீராசாவின் அறை வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன்.

நடுப்பகல் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லி முடிந்தது. வெயில் முற்றத்து மணலில் கொதித்தது. காகம் கூடக் கத்தவில்லை. மீராசா கண்ணை மூடிச் சாய்ந்து கிடந்தான். அவன் மூச்சு சளசளவென்று எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு இருந்தேன்.

மடக்...

தலையைத் தூக்கினேன்.

மடக்... மடக்...

எழுந்து கட்டிலருகே போனேன். அறையில் யாரும் இல்லை. யன்னல் உள்பக்கமாகக் கொக்கி போட்டபடியே இருந்தது. மீராசாவின் வாயைப் பார்த்தேன். வாய் மூடியிருந்தது. உதடு காய்ந்து வெடித்துக் கிடந்தது. ஆனால் தொண்டை விழுங்கிக்கொண்டிருந்தது. மேலே ஏறும், கீழே இறங்கும். தாகத்தில் கிடந்தவன் செம்பைக் கவிழ்த்துக் குடிக்கிற மாதிரி, நிற்காமல்.

நான் அவன் தோளை உலுக்கினேன். சத்தம் நின்றது. அவன் கண்ணைத் திறந்து, போதும் என்று மட்டும் சொன்னான். அதை என்னிடம் சொல்லவில்லை. அவன் பார்த்தது கட்டிலின் மற்றப் பக்கத்தை.

கனவில் விழுங்கியிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறு எதைச் சொல்ல? அன்று பின்னேரம் அவனைத் துடைத்துவிடும்போது பிடரியைப் பார்த்தேன். வீக்கம் அங்கேயும் ஏறியிருந்தது. அந்த வீக்கத்தில் குழிகள் இருந்தன. ஒரு பக்கம் நாலு குழி, மற்றப் பக்கம் ஒன்று. நான் காலில் அமத்திப் பார்ப்பேனே, அதே மாதிரிக் குழி. பிடரியில் நான் விரல் வைத்ததே இல்லை.

என் விரல்களை அந்தக் குழிகளில் வைத்துப் பார்த்தேன். என்னுடைய விரல் தடிப்பு. அது மெல்லிய விரல்.

அன்று இரவு திரும்பி வந்த ஜெமீலாவை அடுத்த நாள் போகவிடவில்லை. பிள்ளைகளை மட்டும் மாமி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவளை என் கண் முன்னாலேயே முற்றத்தில் இருத்தினேன். நான் அறைக்குள் கட்டிலோடு ஒட்டி உட்கார்ந்தேன். ஆயத்துல் குர்ஸியை ஓதினேன். எனக்கு மனப்பாடமானதுதான். அன்றைக்கு நடுவில் நடுவில் தவறியது.

பாங்கு சொன்னது.

மீராசாவின் மூச்சு மெதுவானது.

அவன் தலை தலையணையை விட்டு எழும்பியது.

அவன் எழுப்பவில்லை. அவன் நித்திரை. கழுத்து துவண்டு கிடந்தது. தலை மட்டும் மெல்ல மெல்ல முன்னால் வந்து, ஒரு சாண் உயரத்தில் நின்றது. நோயாளிக்குத் தண்ணீர் கொடுக்கும்போது பிடரிக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்குவோமே... அப்படி.

மடக்...

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மடக்... மடக்...

எனக்குள் ஏதோ வெடித்தது. என் தம்பி. நான் காவல் இருக்கிற தம்பி. என் கண் முன்னாலேயா? தலையை இழுத்துத் தலையணையில் வைக்க வேண்டும் என்று அவன் பிடரிக்குக் கீழே கையை நுழைத்தேன்.

அங்கே ஏற்கனவே ஒரு கை இருந்தது.

சூடு.

காய்ச்சல்காரியின் கை. மெல்லிய விரல்கள். தோல் காய்ந்து சொரசொரத்தது. நான் தொட்டதும் அது விலகவில்லை. என் விரல்களைத் தள்ளியது. ஈயைத் தள்ளுவது போல. நான் விடவில்லை. அப்போது நகம் என் உள்ளங்கையில் இறங்கியது...

கத்திவிட்டேன்.

தலை பொத்தென்று விழுந்தது. மீராசா கண் பிதுங்க எழுந்து உட்கார்ந்தான். வாயால் நுரை வந்தது. இளஞ்சிவப்பு நுரை. மூச்சு எடுக்க எடுக்க உள்ளே தண்ணீர் கொதிப்பது போலச் சத்தம். ஜெமீலா ஓடிப்போய் வாடகைக் கார் பிடித்துக்கொண்டு வந்தாள். நாங்கள் இரண்டு பேரும் அவனைச் சாய்த்துப் பிடித்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஊசி போட்டார்கள், ஒட்சிசன் வைத்தார்கள். பின்னேரம் சிறுநீர் வாளி வாளியாகப் போன பிறகுதான் மூச்சு வந்தது. டொக்டர் என்னை ஏசினார். ஒரு போத்தல் என்று சொன்னேன், ஒரு குளத்தையே கொடுத்திருக்கிறீர்களே என்றார். ஏச்சை வாங்கிக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் பதில் சொல்லாமல் நின்றது அந்த ஒரு முறைதான்.

வெளியே கிடந்த நீள வாங்கில் ஜெமீலா உட்கார்ந்திருந்தாள். என் உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். நாலு நகக்கீறல், சுற்றிலும் தீப்பட்டது போலச் சிவப்பு.

“மதினி, நான் ஒண்டு செல்லணும்” என்றாள்.

இந்த இடத்தில் உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஜெமீலா என் தம்பிக்கு இரண்டாவது பெண்சாதி. மூத்தவள் ஜெமீலாவின் ராத்தா, கூடப்பிறந்த அக்கா. சித்தி லைலா என்று பெயர். கலியாணம் முடித்து அடுத்த வருடமே பிள்ளைப்பேற்றில் மௌத்தாகிவிட்டாள். பிள்ளையும் தாயோடு போய்விட்டது. இரண்டு பேரையும் ஒரே கபுறில் அடக்கினார்கள். அந்த வீடு பெண்பிள்ளைகளுக்கென்று கட்டியது; லைலா மௌத்தானதும் அதிலேதான். மருமகனை விட மனமில்லாமல் தங்கையை அவனுக்கே முடித்துக் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் இது புதினமில்லை. நான் அப்போது புருசனோடு கோமாரியில் இருந்தேன். மூன்றாம் நாள் ஓதுகிற கத்தத்துக்குத்தான் வர முடிந்தது. எப்படி மௌத்து என்று கேட்டதற்கு, சன்னி என்றார்கள். பிள்ளைப்பேற்றுக் காய்ச்சல். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

ஜெமீலா சொன்னது இது. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுத்தால் சன்னி வரும் என்பது அப்போது எங்கள் பெண்களின் நம்பிக்கை. லைலாவுக்குக் காய்ச்சல் வந்த பிறகும் கொடுக்கவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. நாலாம் நாள் லுஹருக்குப் பிறகு, இரவெல்லாம் விழித்திருந்த பெண்கள் கண்ணயரப் போனார்கள். அறை வாசலில் காவலுக்கு மீராசாவை வைத்தார்கள். என்ன கேட்டாலும் கொடுத்துவிடாதே என்றார்கள். ஜெமீலாவுக்கு அப்போது பதினைந்து வயது. சுவருக்கு மறுபக்கம் படுத்திருந்தாள்.

“ராத்தா தண்ணி கேட்டா. அவரு குடுக்கல்ல. கடைசியா அவர்ட பேரைச் செல்லிக் கேட்டா, மதினி. புருசன்ட பேர அவ ஒரு நாளும் செல்லினதில்ல.”

“அவன் என்ன செய்த?”

“காதப் பொத்திக்கிட்டு இருந்தாரு.”

எனக்கு அவன் மேல் கோபம் வந்தது. பிறகு அது போய், அழுகை வந்தது. பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு நடந்த இருபத்துநாலு வயதுப் பையன் அவன். பெண்சாதியைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் காதைப் பொத்தியிருக்கிறான். அது லைலாவுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தாலும் ஒத்துக்கொள்வாளா?

அந்த வீட்டுக்கு அவன் திரும்பிப் போகக்கூடாது என்று முடிவு செய்தேன். இது லேசான காரியமில்லை. நோயில் கிடக்கிற புருசனைப் பெண்சாதி வீட்டிலிருந்து உடன்பிறந்தவள் தூக்கிக்கொண்டு போனால், ஊர் அதைத் தலாக் என்றுதான் கதைக்கும். ஜெமீலாவின் மானம் போய்விடும். அவளிடம் எப்படிக் கேட்பது என்று நான் யோசித்துக்கொண்டு நிற்க, அவளே சொன்னாள்.

“கொண்டு போங்க, மதினி. ஊரு என்னத்தையும் செல்லட்டும். எனக்கு அவரு உசிரோட இரிந்தாப் போதும்.”

அன்றிலிருந்து அவளை நான் ஒரு வார்த்தை கடிந்ததில்லை.

மருதமுனையில் என் வீட்டில் மீராசா இறங்கிய நாளிலிருந்து வீக்கம் வடிந்தது. லுஹர் வரும், போகும், ஒரு சத்தமும் இல்லை. கணுக்கால் எலும்பு வெளியே தெரிந்த அன்று நான் ஆடு அறுக்காத குறை. மார்ச் மாதம் வாடகைக்கு வான் பிடித்துக் கொழும்புக்குக் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம், அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஜெமீலா பிள்ளைகளோடு ஊரில் நின்றாள். நான் மருதானையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினேன்.

ஒப்பரேசன் நன்றாக முடிந்தது. ஒட்டியிருந்த கதவு திறந்துவிட்டது என்றார்கள். அடுத்த நாள் பின்னேரம் பார்க்க விட்டார்கள். நெஞ்சில் கட்டு, மூக்கில் குழாய். ஆனால் உதட்டில் நீலம் இல்லை. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவன் உதடு சிவப்பாக இருந்ததைக் கண்டேன்.

“நெஞ்சு லேசா இரிக்கு, ராத்தா” என்றான்.

வாயால் ஒன்றும் கொடுக்க வேண்டாம், பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினால் போதும் என்று வார்டில் நின்ற தாதி, எங்கள் பேச்சில் மிஸி, சொன்னாள். நான் அந்தப் பஞ்சைக்கூட நன்றாகப் பிழிந்துதான் ஒற்றினேன். கல்முனைக்குடி வீட்டுக்கு, ஜெமீலாவின் பெயருக்குத் தந்தி அடித்தேன். சுகம் என்று அடித்தேன்.

மறுநாள் போனபோது கட்டிலில் விரிப்பு இல்லை.

பெரிய டொக்டர் என்னைக் கூப்பிட்டு நிதானமாகச் சொன்னார். இதயத்தில் பிழை இல்லை. திறந்த கதவு ஒழுங்காக வேலை செய்தது. ஆனால் பகல் ஒன்றரை மணிக்குச் சுவாசப்பை இரண்டும் தண்ணீரால் நிரம்பிவிட்டது. அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று அவருக்கு விளங்கவில்லை.

வெளியே வந்தேன். பகல் வேலையில் இருந்த மிஸி என்னைக் கண்டதும் வேகமாக வந்தாள். சிங்களப் பிள்ளை, மட்டக்களப்பில் வேலை செய்து தமிழ் பழகியவள். அழுதிருந்தாள். கோபமாகவும் இருந்தாள்.

“அந்த நோனாவ ஏன் அனுப்பின? தண்ணி குடுக்க வேணாம் எண்டு நான் எத்தன தரம் சொன்ன. அவ கேக்க இல்ல.”

“எந்த நோனா?”

“அவரோட நோனா. நான் கேட்ட, நீங்க யாரு எண்டு. பொஞ்சாதி எண்டு சொன்ன. சின்னப் பாப்பாவோட உள்ள வர ஏலாது எண்டும் சொன்னதானே. பேசாம நிண்ட. நான் டொக்டர கூப்பிடப் போய் வந்த, அவ இல்ல...”

“பாப்பாவா?”

“கையில இருந்த.”

எதில் கொடுத்தாள், எப்படிக் கொடுத்தாள் என்று மட்டும் கேட்டேன்.

மிஸி செய்து காட்டினாள். இடது கையை மடித்து, குழந்தையை நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பது போல வைத்தாள். வலது கையை நீட்டி, உள்ளங்கையை மேலே பார்க்கவைத்து, ஒரு தலையைத் தூக்குவது போல மெல்ல உயர்த்தினாள்.

அப்படியே நின்றுவிட்டாள்.

கோப்பையைப் பிடிக்கக் கை மிச்சமில்லை.

தன் இடது கையைப் பார்த்தாள். வலது கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“நான் கண்ட...” என்றாள். “அவர் குடிச்ச. நான் கண்ட...”